ஆல்ட்ரிக் ரொசாரியோவின் பிற்காலப் பாணி

உட்காருங்கள், பரிதி. அந்த நாற்காலி வேண்டாம். அதன் கால் ஆடும். இதில் உட்காருங்கள். போன வாரம் நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள், நான் அவகாசம் வேண்டும் என்றேன். இன்று பதில் சொல்லத்தான் வரச்சொன்னேன். ஆனால் ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் முடிகிற பதில் அல்ல. குறுக்கே பேசாமல் கேட்டால் முறையாகச் சொல்லி முடிப்பேன்.

முதலில் கேள்வியை ஒழுங்காக வைத்துக்கொள்வோம். நீங்கள் ஆல்ட்ரிக் ரொசாரியோவின் டிரம்பெட் வாசிப்புகளைத் திரட்டி ஒரு தொகுப்பாக வெளியிடப்போகிறீர்கள். மெட்ராஸ் ஓட்டல்களில் ஜாஸ் வாசித்து, அந்த பேண்டுகள் கலைந்த பிறகு சினிமா ஒலிப்பதிவுக் கூடங்களுக்கு வந்து சேர்ந்த மனிதர். இசைத்தட்டுகளின் மேல் பாடியவர் பெயர் இருக்கும், மெட்டமைத்தவர் பெயர் இருக்கும், வாசித்தவர் பெயர் இருக்காது. எந்தப் பாட்டின் நடுவில் ஆல்ட்ரிக் இருக்கிறார் என்று காதால் கேட்டுக் கண்டுபிடித்தவள் நான். அப்படிச் சேர்த்த தட்டுகள்தான் அந்த அலமாரி முழுக்க. தொகுப்புக்கு முன்னுரையாக நான் எழுதிய கட்டுரையையே போடப்போவதாகச் சொன்னீர்கள். 'ஆல்ட்ரிக் ரொசாரியோவின் பிற்காலப் பாணி.' மகிழ்ச்சி. அவரைப் பற்றி அதைத் தவிர வேறு எவரும் உருப்படியாக எதுவும் எழுதவில்லை.

அப்புறம், மூடிக் கிடந்த ஏதோ ஒரு ஸ்டூடியோவின் அறையில் அகப்பட்டதென்று ஒரு டேப்பின் நகலைக் கொண்டுவந்து இதே மேசையில் வைத்து ஓடவிட்டீர்கள். ஒலிப்பதிவு தொடங்குமுன் டேப்பை நிறுத்த மறந்திருக்கிறார்கள். வாசிக்கிற ஆட்கள் பேசுவதும் சிரிப்பதும் அப்படியே பதிந்திருக்கிறது. டிரம்பெட்காரர் இரண்டொரு வார்த்தை பேசுகிறார். 'மேடம், இது ஆல்ட்ரிக் குரல்தானே?' என்று கேட்டீர்கள். நான் எழுந்து சமையலறைக்குப் போனேன். உங்களுக்குக் காபி எடுத்துவரப் போனதாக நினைத்திருப்பீர்கள்.

அது ஆல்ட்ரிக் குரல் இல்லை. என் கணவர் மாசிலாமணியின் குரல்.

இருங்கள். நான் இன்னும் முடிக்கவில்லை.

என் கணவர் துறைமுகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தார். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். எங்கள் குடும்பமும் அப்படித்தான். சபையில் கார்னெட் வாசிப்பார், டிரம்பெட்டின் தம்பி மாதிரி ஒரு வாத்தியம். ஈஸ்டர் விடியற்காலையில் கல்லறைத் தோட்டத்தில் பாட்டுக்கு வாசிக்கிற கூட்டத்தில் அவர்தான் முன்னால் நிற்பார். என் தகப்பனார் தலைமையாசிரியர். எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது நான் வரலாற்றில் எம்.ஏ. முடித்து, கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்திருந்தேன். கணக்கெழுதுகிற ஒருவரை நான் ஏன் ஏற்றேன் என்று என் தோழிகள் கேட்டார்கள். ஒரே காரணம்தான். மாணவியாக இருந்தபோது பெரம்பூரில் ரயில்வேக்காரர்கள் நடத்திய ஒரு நடன விருந்துக்கு என் வகுப்புத் தோழி நோரீன் அழைத்துப் போனாள். நான் ஆடவில்லை, சுவரோரம் நின்றேன். அன்றுதான் ஆல்ட்ரிக்கைக் கேட்டேன். அவர் பக்கத்தில் இரண்டாம் டிரம்பெட் வாசித்த ஒல்லி மனிதரை நான் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பிறகு பெண் பார்க்க வந்த இடத்தில், 'ஆல்ட்ரிக் ரொசாரியோ பக்கத்துல வாசிச்சிருக்கேங்க' என்று அவரே சொன்னார். சம்மதித்தேன்.

என் தகப்பனார் ஒரே நிபந்தனை வைத்தார். 'சபையில் வாசியுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. நடனக் கூடமும் சினிமாவும் கூடாது.' என் கணவர் வேத புத்தகத்தின் மேல் கை வைக்காத குறையாக வாக்குக் கொடுத்தார். நானே என் காதால் கேட்டேன்.

கல்யாணத்துக்குப் பிறகு என்ன நடந்ததென்றால், நான் ஆல்ட்ரிக்கைத் தேட ஆரம்பித்தேன். மூர் மார்க்கெட்டில் பழைய தட்டுகள் விற்கும் கடைகளுக்குப் போவேன். என் கணவர் பை தூக்கிக்கொண்டு வருவார். கடைக்காரர் தட்டைப் போடுவார். டிரம்பெட் வருகிற இடம் வரை கேட்பேன், பாடகர் வாயைத் திறந்ததும் ஊசியைத் தூக்கச்சொல்வேன். 'அம்மா, பாட்டே இனிமேத்தான் வருது' என்பார் கடைக்காரர். எனக்குப் பாட்டு வேண்டாம் என்பேன். அந்தக் கடைத்தெருவே என்னை வினோதமாகத்தான் பார்த்தது. சில நாள் என் கணவரே, 'அந்தப் புதுப்படத்துத் தட்டு வந்திருக்காம், அதுல ஏதோ டிரம்பெட் வருதாம், கேட்டுப் பாக்குறியா?' என்று சொல்வார். போய்க் கேட்டால் ஆல்ட்ரிக் இருப்பார். இவருக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்டதில்லை. ஆபீசில் யாராவது சொல்லியிருப்பார்கள் என்று விட்டுவிட்டேன். என் ஆசைக்குத் தீனி போட்டு வளர்த்திருக்கிறார், பாருங்கள்.

என்னுடைய கண்டுபிடிப்பு உங்களுக்குத் தெரியும், கட்டுரையில் படித்திருக்கிறீர்கள். ஆரம்பத் தட்டுகளில் ஆல்ட்ரிக் பளபளவென்று இருப்பார். உயரமான சுரங்களை எட்டிப் பிடித்துக் காட்டுவார். கெட்டிக்காரத்தனம். ஒரு கட்டத்துக்குப் பிறகு அந்த வாசிப்பு அடியோடு மாறுகிறது. மெல்லிய துணி ஒன்றின் ஊடாக வருவதுபோல் நாதம் அடங்குகிறது. எல்லாவற்றையும்விட, தாளம் அவரை அழைத்துவிட்ட பிறகும் ஒரு மூச்சு நேரம் வெளியிலேயே நின்றுவிட்டு உள்ளே வருகிறார். அந்த ஒரு மூச்சில்தான் எல்லாம் இருக்கிறது. இளம் ஆல்ட்ரிக் திறமைசாலி, பிற்கால ஆல்ட்ரிக் கலைஞர் என்று எழுதினேன். ஆதாரமில்லாமல் ஒரு வரி எழுதிப் பழக்கமில்லாதவள் நான். தட்டுத் தட்டாகக் கேட்டு, படம் வெளிவந்த ஆண்டைச் சரிபார்த்து, மாற்றம் எங்கே தொடங்குகிறதென்று நிறுவினேன். அந்த நாதத்துக்கு அமெரிக்காவில் இருந்து வரவழைத்த ஏதோ ஒரு மியூட், டிரம்பெட் வாயில் செருகுகிற அந்த மூடி, காரணமாக இருக்கலாம் என்று அடிக்குறிப்பும் போட்டேன்.

மாலையில் தட்டைப் போட்டுவிட்டு அவரையும் உட்காரவைப்பேன்.

'கேட்டீர்களா? இங்கே எப்படி நிற்கிறார், பாருங்கள்.'

'ம்.'

'உங்களால் இப்படி நிற்க முடியுமா?'

'கஷ்டந்தான்.'

'உங்கள் வாசிப்பில் ஒழுக்கம் இருக்கிறது. ஆனால் உள்ளே ஒன்றும் நடப்பதில்லை. வருத்தப்படாதீர்கள், உண்மையைச் சொல்கிறேன்.'

'இதுல வருத்தப்பட என்ன இருக்கு சுகிர்தா. நல்லா வாசிக்கிறாரு. கேப்போம்.'

நல்லா வாசிக்கிறாரு. யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றிப் பேசுவதுபோல் வாய் கூசாமல் பேசியிருக்கிறார்.

ஓர் ஈஸ்டர் அன்று கல்லறைத் தோட்டத்தில் இருந்து திரும்பும்போது சொன்னேன்: 'கீர்த்தனையின் இரண்டாம் அடிக்கு ஆல்ட்ரிக்காக இருந்தால் சற்றே காத்திருந்து வந்திருப்பார். உங்களுக்கு ஏன் இந்த அவசரம்?' அதற்கு அவர், 'அங்க நின்னு காத்துக்கிட்டு இருந்தா ஆண்டவர் எழுந்திரிச்சுப் போயிருவாரு சுகிர்தா' என்றார். கூட வந்த சபையார் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வேடிக்கை பிடிக்காது.

வீட்டிலும் அவர் வாசிக்காமல் இல்லை. நான் விடைத்தாள் திருத்துகிறவள். எனக்கு நிசப்தம் வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு வாசியுங்கள் என்றேன். கதவைச் சாத்தினாலும் கேட்டது. அப்புறம் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். படுக்கையறையில் என் புடவைகள் தொங்குகிற அலமாரியைத் திறந்து, புடவைகளுக்கு நடுவே டிரம்பெட்டின் வாயை விட்டுக்கொண்டு வாசிப்பார். ஊதுவது கேட்கும், கேட்காதது மாதிரியும் இருக்கும். எனக்கு அது போதுமானதாக இருந்தது. ஆனால் பட்டுப் புடவை எல்லாம் டிரம்பெட்டுக்குப் போடுகிற எண்ணெய் நாற்றம். சலவைக்காரரிடம் எத்தனை முறை சண்டை போட்டிருக்கிறேன், தெரியுமா. அந்தச் சலவைக்காரர் பாவம், தன் தவறென்றே ஒப்புக்கொண்டார். சரி, இது நம் விஷயத்துக்குச் சம்பந்தமில்லாதது.

சம்பந்தமுள்ளதைச் சொல்கிறேன். ஆல்ட்ரிக்கைச் சந்திக்கவேண்டும், அழைத்துப் போங்கள் என்று அவரிடம் பலமுறை கேட்டேன். 'அவரு இப்ப யாரையும் பாக்குறதில்ல' என்பார். இது பொய். மற்றதெல்லாம் மௌனம் என்று விட்டாலும் இது சுத்தமான பொய். பெரிய கலைஞர்கள் அப்படி ஒதுங்கிவிடுவதுண்டு என்று நானே அதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டேன். சந்திக்காவிட்டாலும் மரியாதை செய்யவேண்டுமே. ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் பிளம் கேக் செய்து, பட்டுக் காகிதத்தில் சுற்றி, 'யார் மூலமாவது சேர்த்துவிடுங்கள்' என்று கொடுத்தனுப்புவேன். சாயங்காலம் வந்து, 'ரொம்ப நல்லா இருந்துச்சாம்' என்பார். ஒரு வருஷம், 'திராட்சை கொஞ்சம் கூடப் போட்டிருக்கலாமாம்' என்றார். அடுத்த வருஷம் கூடப் போட்டேன்.

நீங்கள் சிரிக்கலாம். நான் சிரிக்கவில்லை.

போன வாரம் நீங்கள் போன மறுநாளே ஆட்டோ வைத்துக்கொண்டு சாலிகிராமத்துக்குப் போனேன். குருமூர்த்தி என்று ஒரு வயலின்காரர். அந்தக் காலத்து ஸ்டூடியோ கோஷ்டிகளில் உட்கார்ந்தவர்களில் அவர்தான் மிச்சம் என்று நீங்களே சொல்லியிருந்தீர்கள். கதவைத் திறந்த மருமகளிடம் மாசிலாமணியின் மனைவி என்றேன். உள்ளேயிருந்து ஒரு குரல்: 'யாரு, கேக் வீட்டம்மாவா?'

நான் வாசலிலேயே நின்றேன்.

'உள்ள வாங்கம்மா. கிறிஸ்துமஸ் வந்தா நாங்க மாசிலாமணி அண்ணன் எப்ப வருவார்னு பாத்துக்கிட்டே இருப்போம். திராட்சை பத்தலன்னு ஒரு தரம் சொன்னது நான்தான். தப்பா எடுத்துக்காதீங்க.'

'என் கணவர் எப்போதிருந்து உங்களோடு வாசித்தார்?' என்று கேட்டேன்.

'ஆல்ட்ரிக்குப் பல்லு போனதுலேருந்து.'

ஆல்ட்ரிக் ஸ்கூட்டரில் இருந்து விழுந்து முன்பல் உடைந்திருக்கிறது. டிரம்பெட்காரருக்கு முன்பல் போனால் தொழில் போயிற்று. உதட்டைத் தாங்க வேறொன்றும் கிடையாது. சினிமாக் கோஷ்டியில் ஒரு வழக்கம் உண்டாம். ஒருவர் வரமுடியாவிட்டால் தனக்குப் பதிலாக ஆள் அனுப்பவேண்டும். வந்தவர் அந்த இடத்தில் உட்கார்ந்து வாசித்துவிட்டுப் போவார். இடம் என்னவோ பழைய ஆள் பெயரிலேயே இருக்கும். ஆல்ட்ரிக் தன் பழைய சகாவைத் தேடி வந்து, 'பல்லு கட்டிக்கிட்டு வந்துடறேன் மாசில், அதுவரைக்கும் என் இடத்தப் பாத்துக்க, பேர் போயிடக்கூடாது' என்று கேட்டிருக்கிறார். கட்டின பல் உதவவில்லை. குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார், அங்கேயே இறந்தும் போனார். இவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர், எலக்ட்ரிக் கீபோர்டு வந்து டிரம்பெட்காரர்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பும்வரை எழுந்திருக்கவில்லை. ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டும் சனிக்கிழமைகளிலும் போயிருக்கிறார். எனக்குச் சொன்ன காரணம், சபைக் கமிட்டி. தென்னிந்தியாவிலேயே அதிகம் கூடிய சபைக் கமிட்டி அதுவாகத்தான் இருக்கவேண்டும்.

'அவர் பெயரைச் சொல்லக்கூடாதென்று யார் தடுத்தார்கள்?' என்றேன்.

'யாரும் தடுக்கலம்மா. ஒருதரம் நானே கேட்டேன், இன்னும் என்னண்ணே ஆல்ட்ரிக் இடம்னு, உங்க பேரச் சொல்லிட வேண்டியதுதானேன்னு. அண்ணன் சொன்னாரு, வேண்டாம்ப்பா, ஆல்ட்ரிக் வாசிச்சாத்தான் எங்க வீட்ல கேக்குறாங்கன்னு.'

அந்தக் கிழவர் இதை ஏதோ பெருமைக்குரிய சமாசாரம்போல் சொன்னார். யோசித்துப் பாருங்கள், பரிதி. என் ரசனையை வைத்து இப்படி ஒரு நாடகம். நான் கேட்டிருக்கமாட்டேன் என்று இவராகவே எப்படி முடிவு செய்தார்? சொல்லிப் பார்த்தாரா? 'சுகிர்தா, இது நான்' என்று ஒரு மாலையில் சொல்லியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று அவருக்கு என்ன தெரியும்? முதலில் என் தகப்பனாருக்குக் கொடுத்த வாக்கு என்னாயிற்று என்று கேட்டிருப்பேன். அதைக் கேட்காமல் எப்படி இருப்பது. அதன்பிறகு ஒருவேளை வாசிப்பைக் கேட்டிருப்பேன்.

புறப்படும்போது குருமூர்த்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, 'விட்டுடுங்கம்மா. ரெண்டு பேரும் போயாச்சு. டேப்புல இருக்கறது ஆல்ட்ரிக்தான்னே சொல்லிடுங்க. நான் மூச்சு விடமாட்டேன். உங்க எழுத்துக்கும் ஒரு பழுது வராது' என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. எனக்கும் அது தோன்றாமல் இல்லை. ஆம் என்று ஒரு வார்த்தை சொன்னால், தொகுப்பும் கட்டுரையும் இருந்தபடி இருக்கும். இல்லை என்றால், பக்கத்தில் உட்கார்ந்திருந்த புருஷனின் மூச்சைத் தெரிந்துகொள்ளாதவள் ஆல்ட்ரிக்கின் மூச்சைப் பற்றி எழுதினாள் என்று, நாளைக்கு உங்கள் தொகுப்பைக் கேட்கிற சின்னப் பையன்கூடச் சொல்வான். ஆக, எனக்கு எது நஷ்டம் என்று தெரியாமல் நான் உங்களை இங்கே உட்காரவைக்கவில்லை.

வாசித்ததைக்கூட நான் மறந்துவிடுவேன். மறைத்ததையும் ஒரு நாள் மறக்கலாம். அந்த டேப்பில் இருக்கிற பேச்சை மறக்கமுடியாது. உங்களுக்கு அது யாரோ ஒரு டிரம்பெட்காரரின் வேடிக்கை. நான் ஒரே ஒரு முறைதான் கேட்டேன். இன்னொரு முறை கேட்கத் தேவையில்லை. கோஷ்டியை நடத்துகிறவர் கேட்கிறார்: 'ஏம்ப்பா, அந்த இடத்துல ஒரு மூச்சு விட்டு உள்ள வர்றியே, அது எங்க கத்துக்கிட்ட?' இவர் சொல்கிறார்: 'வீட்ல அவங்க பேசி முடிக்கிற வரைக்கும் நான் வாயத் தொறக்கறதில்ல சார். அந்தப் பழக்கந்தான்.' சிரிக்கிறார்கள். 'முடிச்சுட்டாங்கன்னு எப்படித் தெரியும்?' 'தெரியாது சார். அதான் கொஞ்சம் லேட்டாகுது.' அவ்வளவுதான், வயலின்காரர்களும் தபேலாக்காரர்களும் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்த ஒலிப்பதிவாளரும் ஓவென்று சிரிக்கிறார்கள். சிரிப்பு அடங்கியதும் அந்த வாசிப்பு தொடங்குகிறது. ஆல்ட்ரிக்கின் வாசிப்புகளிலேயே தலைசிறந்தது என்று நான் கட்டுரையில் குறித்திருக்கிற அதே வாசிப்பு.

என்னை வைத்து ஒரு கூட்டத்தையே சிரிக்கவைத்துவிட்டு வாசித்திருக்கிறார். வீட்டுக்கு வந்து தட்டைப் போட்டதும் 'நல்லா வாசிக்கிறாரு' என்றிருக்கிறார். ஒரு மனிதன் எத்தனை விதமாகத் துரோகம் செய்யமுடியுமோ அத்தனையும் இந்த ஒரு டேப்பில் இருக்கிறது. சொல்லுங்கள், நான் அவரைப் பேசவிடாதவளா? எந்த நாளும் 'பேசாதீர்கள்' என்று சொன்னதில்லை. அவருக்குப் பேச ஒன்றும் இருக்கவில்லை, அதனால் பேசவில்லை என்றுதான் நான்...

நீங்கள் ஏதோ சொல்ல வருகிறீர்கள். ஒரு நிமிஷம். முடித்துவிடுகிறேன்.

என் முடிவு இதுதான். டேப்பில் இருப்பவர் து. மாசிலாமணி என்று போடுங்கள். மாற்றம் தொடங்கியதென்று நான் நிறுவிய ஆண்டில் இருந்து வரும் எல்லாத் தட்டுகளுக்கும் அதே பெயர். என் கணவர் என்று எங்கேயும் போடவேண்டாம். அது வாசிப்பைப் பற்றிய தகவல் அல்ல. இதை அவருக்காகச் செய்வதாக நினைத்துவிடாதீர்கள். அவர் மறைத்ததற்கு நான் துணைபோக மாட்டேன். மேலும், கட்டுரையை எடுத்து மறுபடி படித்தேன். அதில் தவறு என்ன இருக்கிறது? மாற்றம் இருக்கிறதென்றேன், இருக்கிறது. பிற்கால வாசிப்பே உயர்ந்ததென்றேன், உயர்ந்ததுதான். என் காது தவறவில்லை, பரிதி. எனக்குப் பெயரைத் தவறாகக் கொடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். ஆகவே கட்டுரையைத் திரும்பப் பெறமாட்டேன். பெயரை மட்டும் மாற்றினால் போதும். தலைப்பையும் அதற்கேற்ப நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

அந்த மியூட் பற்றிய அடிக்குறிப்பு இருக்கட்டும். அவர் சாமான்களைத் தேடிப்பார்த்தேன், அப்படி எதுவும் அகப்படவில்லை. வேறு யாருக்காவது கொடுத்திருப்பார்.

பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள். இதுதான் பிரதி. நான் வாசிக்க வாசிக்க நீங்கள் திருத்துங்கள். 'ரொசாரியோவின் முதிர்ச்சி' என்ற இடத்தில் 'மாசிலாமணியின் முதிர்ச்சி.' ஆயிற்றா? 'இந்தக் கட்டத்தில் மாசிலாமணி தன் திறமையைக் காட்டுவதில் ஆர்வம் இழந்துவிடுகிறார்.' சரி. 'கேட்பவரிடம் அவர் எதையும் கோருவதில்லை.' இதில் பெயர் இல்லை, அப்படியே விடுங்கள். பக்கத்தைத் திருப்புங்கள். 'மாசிலாமணியின் அந்த ஒரு மூச்சுத் தாமதத்தை உத்தி என்று சொல்லிவிடமுடியாது. இப்படிக் காத்திருக்கத் தெரிந்த ஒருவரை, அவர் வாழ்க்கையில் மிக நெருங்கிய யாரோ ஒருவர் நெடுங்காலம் வாசலிலேயே நிற்கவைத்திருக்கவேண்டும்.'

இந்த வாக்கியத்தை எடுத்துவிடுங்கள்.

ஏன் என்றால், அது ஊகம். ஆதாரம் இல்லாமல் எழுதிவிட்டேன்.

இல்லை, பரிதி. எழுதியவள் நான். வேண்டாம் என்றால் வேண்டாம். அடியுங்கள்.

அடித்துவிட்டீர்களா? கொடுங்கள், பார்க்கிறேன்.

இன்னும் அழுத்தி அடியுங்கள். படிக்கமுடிகிறது.